சிங்கப்பூரிலிருந்து சொந்தக் காரில் மலேசியா செல்கிறோம். சாலை விதிகளில் என்ன வேறுபாடு?

அடுத்த மாதம் குடும்பத்துடன் ஈப்போ வரை செல்வதாகவும், "இரண்டு நாட்டிலும் இடப்பக்கம்தானே ஓட்டுகிறோம், தனியாகத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?" என்றும் கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். என் மாமியார் வீடு ஈப்போவில். பதினான்கு ஆண்டுகளாக இந்தப் பாதையில் போய்வருகிறேன். முதல் தடவை நானும் இதே எண்ணத்தில்தான் கிளம்பினேன். மலேசிய மண்ணில் ஒரு சக்கரம்கூடப் படாமல் வீடு திரும்பினேன்.

காரணம் பெட்ரோல். சிங்கப்பூரில் பதிவான கார் நாட்டைவிட்டு வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும். அக்கரையில் பெட்ரோல் மலிவு. எல்லாரும் காலித் தொட்டியோடு போய் நிரப்பிக்கொண்டு வந்தால் இங்கே பெட்ரோல் வரி என்னாவது? அதற்காக 1989-இல் அரைத் தொட்டி விதி வந்தது. 1991-இல் அது முக்காலாக உயர்ந்தது. மீறினால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அதோடு திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். அன்று என் காரில் முள் பாதிக்குச் சற்று மேலே நின்றது. "இது போதும்" என்று சொன்னவன் நான்தான். தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு அது. நிரப்பிக்கொண்டு மறுபடியும் அந்த வரிசையின் வாலில் போய் நிற்க யாருக்கும் தெம்பில்லை. மடியில் பலகாரப் பெட்டியை வைத்துக்கொண்டு மனைவி வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. 500 வெள்ளியையே கட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

போகும்போது முக்கால் தொட்டி என்றால், அங்கே போனபின் வேறொரு கணக்கு. மலேசியாவில் பெட்ரோலின் தரத்தை ரோன் என்ற எண்ணால் குறிப்பார்கள். மஞ்சள் குழாயில் வரும் ரோன் 95 பெட்ரோல் அந்நாட்டவருக்கானது. வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட கார் ரோன் 97-தான் போட வேண்டும். பெட்ரோல் நிலைய ஊழியர் கவனிக்கவில்லை என்பதற்காக மஞ்சளைத் தொடாதீர்கள். இப்போதெல்லாம் யாராவது கைப்பேசியில் படம்பிடித்து ஊர் முழுக்கப் பரப்பிவிடுகிறார்கள்.

அடுத்தது மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி. பல ஆண்டுகள் "வருகிறது, வருகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூலை 1 முதல் உண்மையாகவே வந்துவிட்டது. அந்த அனுமதிக்காகக் காரில் ஒட்டும் ஆர்எஃப்ஐடி என்ற மின்னணு அடையாளப் பட்டை இல்லாத சிங்கப்பூர் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். பட்டை ஐந்தாண்டுக்குச் செல்லும். அடுத்த மாதப் பயணம் என்றால் இன்றே பதிவு செய்யுங்கள். இதுபோக, ஒவ்வொரு முறை நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் உண்டு. சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் அங்கே அப்படியே செல்லும். ஆசியான் நாடுகள் ஒருவர் உரிமத்தை மற்றவர் ஏற்க 1985-இல் செய்த ஒப்பந்தம் அது. இந்தியா அதில் இல்லை. எனவே ஊரிலிருந்து வந்திருக்கும் தம்பி "கொஞ்ச தூரம் நான் ஓட்டுகிறேனே" என்றால் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி சாலை. நம் விரைவுச்சாலைகளில் உச்ச வேகம் 90 கிலோமீட்டர். அங்கே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110. நகரத்துக்கு வெளியே மற்றச் சாலைகளில் பொதுவாக 90, பெருநாள் காலத்தில் அதை 80 ஆகக் குறைப்பதும் உண்டு. எண்ணைப் பார்த்ததும் கால் தானாக அழுத்தும். ஆனால் ஓட்டிப் பார்த்தால் 110-இல் நீங்கள்தான் மெதுவாகப் போகிற ஆள் என்று தோன்றும். வலக்கோடித் தடம் முந்துவதற்கு மட்டும் என்ற விதி இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். அங்கே அதைப் பின்னால் வருகிறவர் முன்விளக்கை மின்னி நினைவுபடுத்துவார். கோபப்பட வேண்டாம். முந்தியதும் இடப்பக்கம் ஒதுங்கிவிடுங்கள். அவரோடு போட்டி போட்டு 130-ஐத் தொட்டால் கேமரா படமெடுப்பது உங்கள் பதிவெண்ணைத்தான்.

நெடுஞ்சாலையைவிட எனக்குப் பயம் தருவது அதிலிருந்து இறங்கியபின் வரும் இருவழிச் சாலைகள். மூவார், மெர்சிங் பக்கமெல்லாம் போகத் திட்டமிருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். சிங்கப்பூரிலேயே ஓட்டக் கற்றவர்கள் எதிர்த்தடத்தில் ஏறி இன்னொரு வண்டியை முந்தியிருக்கவே மாட்டார்கள். அதற்கு இங்கே இடமே இல்லை. அங்கே செம்பனைக் காட்டுக்கு நடுவே பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் பத்து நிமிடம் ஊர்ந்தபின் அந்த ஆசை வரும். நடுவில் இரட்டைக் கோடு இருந்தால் ஆசையை விழுங்கிவிட வேண்டும். கோடு விட்டுவிட்டு இருந்தால் மட்டுமே முந்தலாம். முன்னே போகிற லாரி இடப்பக்க விளக்கைப் போட்டால் "போகலாம்", வலப்பக்க விளக்கைப் போட்டால் "எதிரே வண்டி வருகிறது" என்பது அங்குள்ள வழக்கம். தமிழ்நாட்டில் சில லாரிக்காரர்கள் இதற்கு நேர்மாறாக, வலப்பக்க விளக்கைப் போட்டு வழிவிடுவார்கள். நான் தமிழ்நாட்டில் ஓட்டக் கற்றவன். மலேசியாவில் ஒருமுறை அந்த வலப்பக்க விளக்கைப் பார்த்து வெளியே எட்டிவிட்டேன், எதிரே பஸ். அன்றிலிருந்து விளக்கு எந்தப் பக்கம் எரிந்தாலும், எதிர்ச்சாலை என் கண்ணுக்கே வெறுமையாகத் தெரியாதவரை முந்துவதில்லை.

மழை பெய்தால் மோட்டார் சைக்கிள்காரர்கள் மேம்பாலத்துக்கு அடியில் ஓரமாகக் கூட்டமாக ஒதுங்கி நிற்பார்கள். பாலத்தை நெருங்கும்போது இடக்கோடித் தடத்தை விட்டு விலகியிருப்பது நல்லது. கார்க்காரர்கள் பலர் நான்கு விளக்குகளையும் மினுக்கிக்கொண்டே ஓட்டுவார்கள். அப்போது யார் தடம் மாறப் போகிறார் என்பதே தெரியாது. அந்தப் பழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

மது விஷயத்தில் சிங்கப்பூர்தான் கடுமை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. இங்கே 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்பது எல்லை. மலேசியா 2020-இல் அதை 80-லிருந்து 50-க்கு இறக்கிவிட்டது. முதல் தடவை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், சிறையும் உண்டு. இங்கே தப்பிக்கிற அளவு அங்கே தப்பாது.

விபத்து நடந்தால்? இங்கே யாருக்கும் காயமில்லாத சிறு மோதல் என்றால் படமெடுத்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்வதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அங்கே அப்படியில்லை, 24 மணி நேரத்துக்குள் காவல்நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். "நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று மோதியவர் சொன்னாலும் காவல்நிலையத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.

பலகைகள் மலாய்மொழியில் இருக்கும். "பெர்ஹென்டி" என்றால் நில், "பெரி லாலுவான்" என்றால் வழிவிடு, "ஊத்தாரா" வடக்கு, "செலாத்தான்" தெற்கு, "லென்சோங்கான்" மாற்றுப்பாதை. வேகத்தைக் குறை என்பதற்கு "குராங்கான் லாஜு". என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. நான் அந்தப் பலகையை உரக்கப் படித்ததும் "குரங்கு எங்கே அப்பா?" என்று கேட்டவள், ஈப்போ வரும்வரை ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

எதிர்த்திசை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஈப்போவிலிருந்து யாராவது உங்களோடு தங்கள் காரில் கிளம்பி வரலாம். என் மைத்துனர் அப்படித்தான் வருவார். மலேசியக் காருக்கு இங்கே நாளொன்றுக்கு 35 வெள்ளி அனுமதிக் கட்டணம். ஆண்டுக்குப் பத்து நாள் இலவசம், சனி ஞாயிறும் கட்டணமில்லை. ஊருக்குள் 60-இல் ஓட்டிப் பழகியவர் அவர். பலகை இல்லாத நம் உள்சாலைகளில் 50-தான் எல்லை என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

மலேசிய நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டணத்துக்கான டச் அன் கோ அட்டையில் போதிய பணம் போட்டுக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் ஏறும்போது தட்டிய அட்டையையே இறங்கும்போதும் தட்ட வேண்டும். முழுத் தொகையும் இறங்கும் இடத்தில்தான் கழியும். அங்கே பணம் போதாமல் போனால், பின்னால் நிற்கும் அத்தனை கார்களும் ஹாரன் அடிக்கும். இது சொந்த அனுபவம் இல்லை. மைத்துனருடையது என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.