டவர் ஸ்பீக்கர் வாங்கலாமா?

கேள்வி: பன்னிரண்டுக்குப் பத்தடி ஹாலில் பாட்டுக் கேட்க போல்க் டி50 டவர் ஸ்பீக்கர் வாங்கலாமா? மூன்று பெரிய கூம்புகள் இருக்கின்றனவே!
- வாசகர், திருச்சி

பதில்: வாங்கலாம். ஆனால் கூம்புகளை எண்ணி வாங்காதீர்கள். அதில் கீழே உள்ள இரண்டுக்கும் ஒயரே கிடையாது. மேலே உள்ள ஆறரை அங்குல டிரைவர் (ஒயர் உள்ள கூம்பு) பெட்டிக்குள் தள்ளும் காற்றில்தான் அவை அசைகின்றன. நான் முதலில் பார்ப்பது சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு. 87 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தரும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும்.

அப்புறம், சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். என் வீட்டில் அப்படி வைத்தபோது மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பி ஒரே கும்மென்று குழம்பியது. இரண்டடி முன்னால் இழுத்ததும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. அந்த இரண்டடி உங்கள் ஹாலில் கிடைக்காதென்றால், சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடியை ஸ்டாண்டில் வையுங்கள்.