மாவட்ட ஒதுக்கீடும் திறமையும்: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார். பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பங்களை நிரப்புவதில் மாணவர்களுக்கு நீண்டகாலமாக உதவி வருபவர். இந்த ஆண்டு வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்குத் தேவையான ஆகக்குறைந்த புள்ளி, எவ்வளவாக அமையும் என்று தம்மிடம் கேட்க வேண்டாம் என அவர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுள்ளார்.

கிளிநொச்சி, உயர்தர மாணவி: சேர், மாவட்ட அடிப்படையில் தெரிவானவர்கள் என்றால் திறமை இல்லாதவர்கள் என்று ரியூசன் வகுப்பில் பகிடி பண்ணுகிறார்கள். தெரிவு உண்மையில் எப்படி நடக்கிறது?

பகிடி பண்ணுபவர்களில் பெரும்பாலானோர் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள் பிள்ளை. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் இசட் புள்ளி. 2001 இலிருந்து மூலப் புள்ளிகளைக் கூட்டித் தெரிவு செய்வதில்லை. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் அளவால், வகுப்பார்கள். சராசரி 40 ஆகவும் நியம விலகல் 15 ஆகவும் உள்ள பாடத்தில் 70 எடுத்தவருக்கு 2.0 கிடைக்கும், சராசரி 55 ஆகவும் நியம விலகல் 10 ஆகவும் உள்ள பாடத்தில் அதே 70 எடுத்தவருக்கு 1.5 தான் கிடைக்கும். மூன்று பாடங்களின் சராசரியே உங்கள் இசட் புள்ளி. திறமையை அளக்கும் கோலையே பாடத்துக்குப் பாடம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை, "வெறும் திறமை மட்டும் போதும்" என்போர் கவனிப்பதில்லை.

அடுத்தது இடங்களைப் பிரிக்கும் முறை. ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுவதற்கும் 1000 இடங்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 40 வீதமான 400 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரம்பும். 55 வீதமான 550 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரியும். எஞ்சிய 50 இடங்கள் கல்வியில் பின்தங்கியவையெனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்குரியவை. வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கும் அவற்றுள் அடங்கும். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவின் சனத்தொகை ஏறத்தாழ 92 ஆயிரம். நாட்டினது 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேல். அந்த விகிதத்தில் 550 இடங்களில் முல்லைத்தீவுக்கு வருவது இரண்டரை இடம். 50 இடங்களிலிருந்து வரும் சிறு துண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வன்னிக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று பேசுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு இது. அந்த இடத்துக்கும் உங்கள் மாவட்டப் பிள்ளைகளுடன் போட்டியிட்டு முன்னுக்கு வந்தாக வேண்டும்.

மாங்குளம், மாணவன்: சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியை வைத்து இந்த ஆண்டுக்குரியதைக் கணிக்கலாமா?

முடியாது. விருப்பத்தெரிவுகளை உண்மையான விருப்பத்தின் ஒழுங்கில் எழுதுங்கள். ஊகத்தின் ஒழுங்கில் எழுதாதீர்கள்.

வவுனியா, வங்கி ஊழியர்: அமெரிக்காவிலேயே பன்முகத்தன்மை, சமத்துவம், உள்ளடக்கம் என்ற திட்டங்களைக் கைவிட்டு, திறமைக்குத் திரும்பிவிட்டார்கள் என்று அங்குள்ள மைத்துனர் சொல்கிறார். நாம் மட்டும் ஏன் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி சரி. அரச ஒப்பந்தக்காரர்கள் இனம் பாராது ஆள் சேர்க்கவும், அதற்கென முனைப்பான நடவடிக்கை எடுக்கவும் வேண்டுமென 1965 இல் ஜனாதிபதி ஜோன்சன் கட்டளையிட்டார். அதை 2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப் இரத்துச் செய்தார். அதற்கு முன்னரே, 2023 ஜூனில், ஹார்வர்ட், வட கரோலினா ஆகிய பல்கலைக்கழகங்களின் இன அடிப்படையிலான அனுமதி முறை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கு இனத்துக்கென நிலையான கோட்டா வைப்பது 1978 இலேயே தடுக்கப்பட்டுவிட்டது. அதன்பின் நடந்த வழக்கெல்லாம் விண்ணப்பதாரியின் இனத்தை ஒரு காரணியாகக் கணிக்கலாமா என்பது பற்றியது. எங்களுடைய மாவட்ட ஒதுக்கீடு இனத்தைப் பார்ப்பதில்லை. படித்த இடத்தைப் பார்க்கிறது. முல்லைத்தீவில் படித்த தமிழ்ப் பிள்ளைக்கும் மொனராகலையில் படித்த சிங்களப் பிள்ளைக்கும் ஒரே விதிதான். அங்கு ஒன்றை நிறுத்தினார்கள் என்பதற்காக இங்கு வேறொன்றை நிறுத்தச் சொல்வது வாதமாகாது.

யாழ்ப்பாணம், தந்தை ஒருவர்: என் மகனைவிடக் குறைந்த இசட் புள்ளி எடுத்த வன்னி மாணவனுக்குப் பொறியியல் கிடைத்தது, என் மகனுக்குக் கிடைக்கவில்லை. அவன் இரவு பகலாகப் படித்தது குற்றமா?

குற்றமில்லை ஐயா, உங்கள் மனவருத்தம் நியாயமானது. ஆயினும் அந்த இரண்டு புள்ளிகளும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். வன்னியில் நான் கற்பித்த ஒரு பாடசாலையில் நியமிப்புச் செயன்முறைக்கு, திரவத்தைச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான அளவி ஒன்றுதான் இருந்தது. அதன் திருகும் ஒழுகும். வகுப்பு முழுவதும் சுற்றி நிற்க, ஒருவர் அமிலத்தைச் சொட்டுவார், மற்றவர்கள் நிறமாற்றத்தை எட்டிப் பார்ப்பார்கள். பௌதிகவியலுக்கு வந்த ஆசிரியர் யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் பேருந்தில் வந்து போனவர், நல்லவர், கெட்டிக்காரர். இடமாற்றம் கிடைத்த அன்றே போய்விட்டார். அடுத்தவர் வரும்வரை அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களைத் தாங்களாகவே செய்தார்கள். அங்கிருந்து ஒரு பிள்ளை 1.6 எடுப்பதும், ரியூசன் நிலையங்கள் நிறைந்த நகரத்திலிருந்து ஒரு பிள்ளை 1.9 எடுப்பதும் ஒரே அளவு திறமையைக் காட்டுகின்றனவா என்பதே கேள்வி. வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயலின் விளைச்சலையும் கடைசி வயலின் விளைச்சலையும் நிறுத்துப் பார்த்து, கமக்காரர்களின் கெட்டித்தனத்தை யாரும் தீர்மானிப்பதில்லை.

முள்ளியவளை, ஆசிரியை: அந்தத் தந்தைக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலை இடாப்பில் பெயரிருக்கும் சிலர் யாழ்ப்பாணத்தில் ரியூசனில் இருக்கிறார்கள். பரீட்சைக்கு மட்டும் இங்கே வருகிறார்கள். இரண்டரை இடத்தில் ஒன்றை அவர்கள் எடுத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன மிச்சம்?

சேதமே அங்குதான் நடக்கிறது, ரீச்சர். மாவட்டத்தைத் தீர்மானிக்கையில் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எங்கு படித்தார் என்று பார்க்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் சில பெற்றோர் சாதாரணதரம் முடிந்தவுடன், சிலர் அதற்கும் முன்பே, பிள்ளையின் பெயரை இங்கே பதிவுசெய்கிறார்கள். வரவைக் குறிப்பது பாடசாலை. ஆகவே அதிபரின் உடன்பாடில்லாமல் இது நடக்காது. பாடசாலையின் பெறுபேறு உயரும் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளும் அதிபர்களை நான் கண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணம், அதே தந்தை: நாட்டில் எங்கும் படிக்க எந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு. விதிக்கு உட்பட்டுப் பாடசாலை மாறுவது மோசடியா?

வந்து படித்தால் மோசடியில்லை. குடும்பத்தோடு பரந்தனுக்கு வந்து, அதே அளவியைச் சுற்றி நின்று, அதே வெற்றுப் பாடவேளையில் இருந்து படிக்கும் பிள்ளை வன்னிப் பிள்ளைதான். பிறந்த ஊரை நான் கேட்க மாட்டேன். பெயர் இங்கும் பிள்ளை அங்குமாக இருப்பதையே சொல்கிறேன். அந்தப் பிள்ளை யாழ்ப்பாணத்தின் வசதியையும் வன்னியின் வெட்டுப்புள்ளியையும் ஒருசேர எடுக்கிறது. திறமை வேண்டும் என்று வாதாடும் பெற்றோரே இதைச் செய்வதுதான் எனக்கு விளங்காதது.

வவுனியா, முதியவர்: தம்பி, எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் அநீதி என்று போராடிய தலைமுறை நாங்கள். இன்று அதே கோட்டாவை நீங்கள் நியாயப்படுத்துகிறீர்கள். இது முரண்பாடில்லையா?

ஐயா, இந்தக் கேள்வி வர வேண்டுமென்றே காத்திருந்தேன். இரண்டு வேறு விடயங்களை நாங்கள் ஒரே பெயரில் அழைத்துப் பழகிவிட்டோம். 1970 பரீட்சையின் பின் பொறியியலுக்குத் தமிழ் மொழிமூல மாணவர் 400 இற்கு 250 புள்ளிகளும், சிங்கள மொழிமூல மாணவர் 227 புள்ளிகளும் எடுக்க வேண்டியிருந்தது. மருத்துவத்துக்கு 250 உம் 229 உம். அதே நகரத்தில், அதே வசதியோடு படித்த இருவரில் ஒருவருக்கு மொழியின் பேரில் மட்டும் கூடுதல் சுமை ஏற்றப்பட்டது. அதை எந்த நியாயத்தாலும் காப்பாற்ற முடியாது. அது தந்த காயம் இந்த நாட்டை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு வகையானது. அதில் யாழ்ப்பாணமும் கொழும்பும் பெரிதாக இழந்தன. ஆனால் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு முன்னர் இல்லாத வாசல் ஒன்று திறந்தது. "தமிழர் இழந்தனர்" என்று ஒரே வரியில் எழுதும்போது இந்தப் பிள்ளைகள் கணக்கில் வராமல் போகிறார்கள். இன்னொன்றையும் பாருங்கள். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978 இல். கிளிநொச்சி 1984 இல். அதுவரை கிளிநொச்சிப் பிள்ளை யாழ்ப்பாண மாவட்டப் பிள்ளையாகவே கணிக்கப்பட்டது. அக்கராயனில் படித்தவரும் யாழ்ப்பாண நகரின் புகழ்பெற்ற கல்லூரியில் படித்தவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். எல்லைக்கோட்டை நகர்த்தியவுடன் அந்தப் பிள்ளையின் வாய்ப்பு மாறியது, மூளை மாறவில்லை. ஆகவே ஒதுக்கீடு கூடாது என்றும் நான் சொல்லவில்லை, இருப்பதே போதும் என்றும் சொல்லவில்லை.

பூநகரி, பெற்றோர்: மருத்துவத்துக்கு இந்த முறை கிளிநொச்சி வெட்டுப்புள்ளி எவ்வளவு வரும்?

மேலே பார்க்கவும்.

செட்டிகுளம், வாசகர்: குறைந்த புள்ளியில் போன மருத்துவரிடம் நோயாளி எப்படி நம்பிப் போவது?

ஒதுக்கீடு வாசல்வரைதான். உள்ளே வன்னிக்கென்று தனி வினாத்தாளோ தனிச் சித்திப் புள்ளியோ கிடையாது. எல்லோருக்கும் ஒரே இறுதிப் பரீட்சை, ஒரே உள்ளகப் பயிற்சி. முதலாம் ஆண்டில் எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தால் தடுமாறுவது உண்மை. அதைச் சரிசெய்யும் காலம் உயர்தரம் முடிந்து அனுமதி வரும்வரை வீணாகும் மாதங்கள்.

வவுனியா வடக்கு, தாய்: நாங்கள் மலையகத்திலிருந்து 77 கலவரத்தின் பின் வந்து குடியேறிய குடும்பம். மாவட்ட ஒதுக்கீட்டில் நகரத்துப் பிள்ளைகள்தான் போகிறார்கள். எங்கள் பிள்ளைகள் உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கே போவதில்லை ஐயா.

அம்மா, இன்று வந்த கேள்விகளில் மிகக் கனமானது உங்களுடையது. மாவட்டம் என்பது பரந்த அலகு. வவுனியா நகரப் பாடசாலையும் நெடுங்கேணிக்கு உள்ளே உள்ள பாடசாலையும் கைநூலில் ஒரே மாவட்டம். உங்கள் ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவே இல்லையென்றால், ஒதுக்கீடு எத்தனை வீதமாக இருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு அது எட்டாது. காணி உறுதியில்லாத, கூலி வேலையை நம்பிய குடும்பம் நகரத்தில் விடுதி எடுத்துப் பிள்ளையைப் படிப்பிப்பது எப்படி? "வன்னி பின்தங்கியது" என்று மேடையில் பேசும் நாங்கள், வன்னிக்குள் யாரைப் பின்தள்ளி வைத்திருக்கிறோம் என்று பேசுவதில்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் பெற்றோர் சேர்ந்து எழுத்தில் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: போக்குவரத்து வசதியோடு அருகிலுள்ள ஒரு பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு. பத்துக் கோரிக்கைகள் வைத்தால் ஒன்றும் நடக்காது.

புதுக்குடியிருப்பு, பட்டதாரி: போரில் ஒரு காலை இழந்தவன் நான். நேர்முகப் பரீட்சை மூன்றாம் மாடியில் நடந்தது, மின்தூக்கி இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கீடு உண்டா?

உண்டு. அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தை ஒதுக்க வேண்டுமென 1988 இல் பொது நிருவாகச் சுற்றறிக்கை வந்தது. பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1996 இலும், கட்டடங்களில் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இலும் வந்தன. உங்களை அந்தப் படிகளில் ஏறவைத்தது சட்டம் இல்லாமையால் அல்ல. அடுத்த அழைப்புக் கடிதம் கிடைத்தவுடன், கீழ்த்தளத்தில் நேர்முகத்தை ஒழுங்குசெய்யுமாறு பதிவுத் தபாலில் எழுதுங்கள்; பிரதியை வைத்திருங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட நேர்ந்தால் அந்தப் பிரதிதான் உங்கள் சான்று.

மன்னார், வாசகர்: உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்று தகுதியில்லாதவர்களைக் கொண்டுவந்துவிட்டார்களே?

2018 தேர்தலில் அந்த விதி முதன்முதலாக நடைமுறைக்கு வரும்வரை ஆண் உறுப்பினர்களின் தகுதியை யார் அளந்தார்கள்?

முழங்காவில், தந்தை: முல்லைத்தீவில் பதிவுசெய்து தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

இதே பொருளில் இன்று பல கேள்விகள் வந்துவிட்டன. கொடுக்காதீர்கள். பிடிபட்டால் போவது பிள்ளையின் அனுமதி, தரகரின் பணமில்லை.

கிளிநொச்சி, இளம் ஆசிரியர்: மாவட்டமும் சரியில்லை, வெறும் திறமையும் சரியில்லை என்கிறீர்கள். வேறு என்ன செய்யலாம்?

அலகை மாவட்டத்திலிருந்து பாடசாலைக்கு இறக்கலாம் என்பது என் நிலைப்பாடு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1997 இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வோர் உயர்நிலைப் பாடசாலையிலும் முதல் பத்து வீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்றது அது. இனத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. தமிழ்நாட்டில் 2020 இலிருந்து மருத்துவ இடங்களில் 7.5 வீதம் அரசுப் பாடசாலைகளில் படித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அங்கு படித்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து யோசியுங்கள். மாவட்டத்துக்கு வரும் இடங்களில் ஒரு பகுதியை, ஆறாம் ஆண்டிலிருந்து கஷ்ட, அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் படித்தவர்களுக்கென வைத்தால், வெளியிலிருந்து வந்து பெயர் பதிபவரும் நகரப் பாடசாலையின் வசதியுள்ள பிள்ளையும் அதில் கைவைக்க முடியாது. ஏழெட்டு ஆண்டுகள் பிள்ளையின் பெயரை ஓரிடத்திலும் பிள்ளையை வேறோரிடத்திலும் வைத்திருக்கக்கூடிய பெற்றோர் மிகச் சிலரே.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. ஆசிரியரே இல்லாத பாடசாலைக்கு இடத்தை ஒதுக்கிவிட்டு, ஆசிரியரை அனுப்பாமலே அரசு காலத்தைக் கடத்தலாம். ஆகவே ஒதுக்கீட்டைக் கேட்கும் அதே கடிதத்தில் பௌதிகவியல் ஆசிரியரையும் கேளுங்கள். இடமாற்றம் கிடைத்தாலும் பதிலாள் வரும்வரை விடுவிக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே எழுதுங்கள்.