எடை போட வந்தால் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: தாராவியில் இருக்கிறோம். மருமகளுக்குப் பிரசவமாகி 13 நாள் ஆகிறது. நாளைக்கு வந்து மறுபடி குழந்தையை எடை போடணும் என்கிறார், 'ஆஷா' எனப்படும் சுகாதாரப் பணியாளர் அக்கா. கண் பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
– ஒரு மாமியார், மும்பை

பதில்: சொல்லாதீர்கள் அம்மா. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீடு தேடி வந்து பார்ப்பது அவர் வேலை. துணியில் போட்டுத் தராசில் தொங்கவிடும்போது நமக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும், ஆனால் பிறந்த சில நாளில் இறங்கிய எடை திரும்ப ஏறிவிட்டதா என்பது கையில் தூக்கிப் பார்த்தால் தெரியாதே. கண் பட்டால் சாயங்காலம் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், அதை யார் தடுத்தார்கள்?

குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளித்தாலோ ஆஷா வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், சயான் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. மருமகள் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிடணும். அப்புறம், ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் தாய்-சேய் அட்டையை மறக்காமல் கொடுத்துவிடுங்கள், 6-ஆம் வாரத் தடுப்பூசியை அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.