தமிழை மட்டும் நிறுத்தாதே

தங்கச்சி, நீ என்றே எழுதுகிறேன், என் கடைசித் தங்கை வயசுதான் உனக்கு இருக்கும். ஜூனில் கடலூரிலிருந்து பாரீசுக்கு வருவதாகவும், மூன்று வயதுப் பையன் இன்னும் பேசவில்லை, பெயர் சொன்னால் திரும்புவதில்லை, ஆட்டிசமாக இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்படுவதாகவும் எழுதியிருந்தாய். பள்ளியில் சொல்வதா மறைப்பதா, வீட்டில் இப்போதே பிரெஞ்சுக்கு மாறிவிடலாமா, வாடகை எவ்வளவு, என்ன சாமான் கொண்டுவருவது என்றும் கேட்டிருந்தாய். வாடகையை உன் கணவர் விசாரிக்கட்டும். புளியும் மிளகாய்த்தூளும் பாரீசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேலிலேயே கிடைக்கும்.

மறைக்க முடியாது. இங்கே 2019 முதல் மூன்று வயதிலேயே படிப்பு கட்டாயம், டீச்சருக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். கிளம்பும் முன் காது நன்றாகக் கேட்கிறதா என்று பரிசோதித்து ரிப்போர்ட்டை எடுத்துவா. வந்ததும் மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி, எம்.டே.பே.ஆஷ் என்கிற மாற்றுத்திறனாளி அலுவலகத்தில் மனு போடு. வகுப்பில் துணைக்கு ஆள், உதவித்தொகை எல்லாம் அவர்கள் முடிவு செய்தால்தான். நான்கு மாதம் என்பார்கள், ஆட்டிசம் உள்ள என் பையனின் மனுவுக்குப் பதினொரு மாதம் ஆனது. எதைக் கொடுத்தாலும் நகல் வைத்துக்கொள்.

நம் ஆட்கள் பேச்சைக் கேட்டு உட்கார்ந்துவிடாதே. "அவங்க அப்பாவுக்கும் லேட்டாத்தான் பேச்சு வந்துச்சு" என்ற ஒரே வார்த்தையில் நான் இரண்டு வருஷத்தை விட்டேன். மூன்று தலைமுறையாக பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புதுச்சேரிக்காரர் வீடுகள்தான் இன்னும் மோசம். கல்யாண மண்டபத்தில் என் பையன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவான். "திருஷ்டி கழிச்சியா?" என்பார்கள். தங்கள் வீட்டில் அப்படியொரு பிள்ளை இருந்தால் வெளியிலேயே கூட்டிவர மாட்டார்கள்.

படித்தவர்கள் மட்டும் என்ன? 2004இல் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து வந்த புதிதில், ஒரு மனோதத்துவ அம்மா என்னிடம் கேட்டார்: "இந்தக் குழந்தை வேண்டும் என்றுதான் பெற்றீர்களா?" தாயின் பாசக் குறைவால் ஆட்டிசம் வருகிறது என்ற பழைய கதை இந்த நாட்டில் ரொம்ப நாள் ஓடியது. 2012இல்தான் இங்குள்ள சுகாதார ஆணையம், அந்தக் கதையைப் பரப்பிய மனப்பகுப்பாய்வு என்கிற சிகிச்சை முறை இதற்குப் பொருத்தம் என்று சொல்ல ஆதாரமில்லை என்று எழுதியது. அன்று எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு பிரெஞ்சு வராது. மெட்ரோவில் அழுதுகொண்டே வந்தேன்.

அவரேதான் வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். கடையில் ரொட்டி வாங்கும் பிரெஞ்சை வைத்துக்கொண்டு பிள்ளையை எப்படிக் கொஞ்சுவது? வீடே வாயடைத்துப் போனது. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சு கெடுவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு அதைச் சொல்ல அப்போது ஆளில்லை.

அவனுக்கு ஆறு வயதில் என் அம்மா வந்தார். பிரெஞ்சில் 'மெர்சி'யைத் தவிர ஒரு சொல் தெரியாது. தினமும் காலையில் டம்ளரில் பாலை ஆற்றி, "சூடா இருக்கு, ஊதிக் குடி" என்று கொடுப்பார். அம்மா ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து, அவன் பிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு அதே ராகத்தில் சொன்னான்: "சூடா இருக்கு, ஊதிக் குடி." அவனுக்குத் தாகம். இப்போது இருபத்துநான்கு வயது, பிரெஞ்சும் பேசுகிறான். ஐஸ் தண்ணீர் வேண்டுமென்றாலும் இன்றுவரை அதைத்தான் சொல்கிறான்.