ஃபேன் ஓடுகிறது, காற்று போகிறதா?

கே: 1200 என்று போட்ட சிம்னி மாட்டியிருக்கிறோம். மிளகாய் தாளித்தால் ஹாலில் இருப்பவர்களும் இருமுகிறார்கள். மோட்டார் பழுதா? (மடிப்பாக்கம் வாசகி)

ப: மோட்டார்மேல் பழி போடாதீர்கள். மணிக்கு 1200 கனமீட்டர் என்பது பெரும்பாலும் குழாய் மாட்டாத நிலையில் கிடைக்கும் அளவு. உங்கள் வீட்டில் குழாய் எப்படிப் போகிறது என்று பரண் கதவைத் திறந்து பாருங்கள். மாட்ட வந்தவர் மிச்சக் குழாயை வெட்டாமல் மடித்துச் செருகிவிட்டுப் போயிருப்பார். அந்த ஒவ்வொரு சுருக்கமும் வளைவும் காற்றைத் தடுக்கும். குழாயை நன்றாக இழுத்து நீட்டி, மிச்சத்தை வெட்டச் சொல்லுங்கள். சுவர் ஓட்டை சின்னது என்று 6 அங்குலக் குழாயை 4 அங்குலமாகக் குறுக்கியிருந்தால் ஓட்டையைப் பெரிதாக்குவதுதான் வழி.

இன்னொன்று, வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே வரவும் வேண்டும். ஏதாவது ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அடுப்பை ஒட்டிய ஜன்னல் வேண்டாம், அது புகையைக் கலைத்துவிடும். குழாயே இல்லாத கரி ஃபில்டர் சிம்னியை நம் சமையலுக்கு நான் சொல்வதில்லை. நெடி கொஞ்சம் குறையலாம், ஆவியும் சூடும் அதே அடுக்களைக்குத்தான் திரும்பும்.

கே: எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டும் பாத்ரூமில் பூஞ்சை.

ப: ஃபேனைப் போட்டு, கதவை மூடி, கதவின் அடியில் டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். தாள் பாத்ரூம் பக்கம் இழுபடாவிட்டால், கதவடியில் இடைவெளி இல்லை, அல்லது வெளிப்பக்கத் தகடுகள் அழுக்கேறித் திறக்கவில்லை. இழுத்தால், குளித்தபின் இருபது நிமிடம் ஓட விடுங்கள். பல அடுக்ககங்களில் எல்லா வீட்டு ஃபேனும் ஒரே டக்ட்டில்தான் (மொட்டை மாடி வரை போகும் காற்றுக் கூண்டு) தள்ளும். மழைக்குப் பயந்து அசோசியேஷன் அதன் உச்சியை ஷீட் போட்டு மூடியிருந்தால் யாருக்கும் வழியில்லை. கீழ்வீட்டு சாம்பிராணி உங்கள் பாத்ரூமில் மணக்கிறதா? அப்படியானால் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

கே: ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை எடுக்கும்தானே? காலையில் தலை பாரமாக இருக்கிறது.

ப: பெரும்பாலானவை எடுக்காது. அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். வெளியே கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. இருவர் படுத்த மூடிய அறையில் விடிவதற்குள் 2000-ஐத் தாண்டுவது சகஜம். ஏர் ப்யூரிஃபையர் தூசியை எடுக்கும், இதை எடுக்காது. ஜன்னலை விரல் அகலம் திறந்து வையுங்கள். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், ஈரமும் வரும், பரவாயில்லை. தலைபாரம் அப்புறமும் இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

கே: பாத்ரூமுக்குள் கேஸ் கீசர். பெரிய ஃபேன் போட்டால் போதுமா?

ப: போதாது. காற்று வர வழியில்லாத அறையில் பெரிய ஃபேன், கீசர் புகையையே உள்ளே இழுக்கலாம். அந்தப் புகையில் இருக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் வாயு, அதற்கு வாசனையும் கிடையாது. கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். அதுவரை அடுப்பில் வெந்நீர் போட்டுக்கொள்ளுங்கள்.