இணைய வரைபடங்களும் எல்லைச் சட்டமும்: வலை உருவாக்குநர்களின் கேள்விகளுக்குப் பதில்

வரைபடம் உள்ள தளங்களைக் கட்டுவதுதான் என் வேலை. நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் சட்டம் நம் நிரலில் எந்த இடத்தில் இடிக்கிறது என்று சொல்ல முடியும். கேளுங்கள்.

ஷாலினி: கடைக் கிளைகளைக் காட்டும் தளம். லீஃப்லெட்டில் (தளத்தில் வரைபடம் காட்டும் நிரல் நூலகம்) ஓபன்ஸ்ட்ரீட்மேப் டைல் (தன்னார்வலர்கள் வரையும் திறந்த வரைபடத்தின் சதுரத் துண்டுகள்) போட்டிருக்கிறேன். காஷ்மீர் எல்லை தவறு என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். கோயம்புத்தூர்க் கடைக்குக் காஷ்மீர் எதற்கு?

உங்கள் வாடிக்கையாளர் செய்தது சரி. அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் வரைபடத்தோடு பொருந்தாத இந்திய வரைபடத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று 1961-இன் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் சொல்கிறது. வெளியிடுபவர்தான் பொறுப்பு. டைல் யாருடையது என்ற பேச்சே அதில் இல்லை. எல்லா எச்சரிக்கையும் வழக்காக முடிவதில்லை, ஆனால் அரசு இதைக் கவனிக்கிறது. 2015 ஏப்ரலில் தவறான வரைபடம் காட்டியதற்காக அல் ஜசீரா ஒளிபரப்பு இந்தியாவில் ஐந்து நாள் நிறுத்தப்பட்டது. 2020 அக்டோபரில் லே நகரைச் சீனாவில் காட்டியதற்காக ட்விட்டருக்கு எச்சரிக்கை போனது.

முதலில் எளிய வழி. கடைகள் தமிழ்நாட்டில் மட்டும் என்றால் வரைபடத்தை அந்த எல்லைக்குள் பூட்டுங்கள். லீஃப்லெட்டின் மேக்ஸ்பவுண்ட்ஸ் (நகர்த்தும் எல்லை), மின்ஜூம் (குறைந்தபட்ச ஜூம்) அமைப்புகள் இரண்டும் போதும். நாடு முழுக்கக் காட்ட வேண்டும் என்றால் பட டைலை விட்டு வெக்டர் டைலுக்கு மாறுங்கள்; அதில் படத்துக்குப் பதில் தரவு வருவதால் எந்தக் கோட்டை வரைவது என்பதை நாமே முடிவு செய்யலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து வெக்டர் டைல் தரும் ஓபன்மேப்டைல்ஸ் அமைப்பில் எல்லை அடுக்குக்கு 'டிஸ்ப்யூடட்', 'கிளெய்ம்ட் பை' என்று இரண்டு குறிப்புகள் உண்டு. சர்ச்சைக்குரிய கோடுகளை மறைத்துவிட்டு, இந்தியா உரிமை கோரும் கோட்டை மட்டும் ஸ்டைலில் வரையலாம். பட டைல் மேல் ஜியோஜேசான் (வரைபடத் தரவுக் கோப்பு வடிவம்) கோடு போட்டு ஒப்பேற்ற வேண்டாம். அடியில் பழைய கோடு அப்படியே தெரியும்.

முடித்ததும் எல்லா ஜூம் நிலையிலும் வடக்கே போய்க் காஷ்மீர் கோடு சரியா என்று பாருங்கள்.

பிரபு: கூகுள் மேப்ஸ் பயன்படுத்தினால் கவலை இல்லையே?

ஸ்கிரிப்டை ஏற்றும்போது ரீஜன் மதிப்பாக 'ஐஎன்' கொடுத்தால். கொடுக்காவிட்டால் இயல்பு நிலை அமெரிக்கா. மேப்பாக்ஸ் என்ற இன்னொரு வரைபடச் சேவையில் இதே வேலைக்கு வேர்ல்ட்வியூ என்ற அமைப்பு. வடக்கே போய்ப் பாருங்கள்.

தினேஷ்: ஓபன்ஸ்ட்ரீட்மேப் இந்தியாவுக்கு எதிரான வரைபடம். அதை ஏன் பரிந்துரைக்கிறீர்கள்?

இதை ஏற்க மாட்டேன். தரையில் யார் கட்டுப்பாடு நடக்கிறதோ அதை வரைவது அவர்கள் விதி. இந்தியாவுக்கென்று தனி விதி வைத்து வரையவில்லை, எல்லா நாட்டுக்கும் அதுதான். நம் ஊர்த் தெருக்களையும் ரேஷன் கடைகளையும் தன்னார்வலர்கள் கூலி வாங்காமல் வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தரவைக் கையில் எடுத்து நமக்கு வேண்டிய கோட்டை நாமே வரையலாம். மூடிய சேவையில் அந்த உரிமை கிடையாது.

தினேஷ்: சட்டத்துக்குப் பொருந்தாத தரவை வைத்திருப்பதே தவறுதானே?

நான் சொன்ன பிரிவு வெளியிடுவதைப் பற்றியது. திரையில் என்ன காட்டுகிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள்.

மீனா: இருவருக்கும் ஒரு கேள்வி. செயற்கைக்கோள் படம் எல்லார் கையிலும் இருக்கும்போது இந்தச் சட்டங்களால் யாருக்கு லாபம்?

நல்ல கேள்வி, எனக்கு மனத்தாங்கல் உள்ள இடமும் இதுதான். பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர் படை இருக்கிறது. பயந்து பின்வாங்குவது இரண்டு பேர் நடத்தும் சிறு குழுதான். 2016-இல் வந்த புவிசார் தகவல் மசோதா வரைவில் அபராதம் 100 கோடி ரூபாய் வரை, சிறை ஏழு ஆண்டு வரை என்று இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது, மசோதா சட்டமாகவில்லை. அதற்கு நேர்மாறாக 2021 பிப்ரவரி 15-இல் வந்த வழிகாட்டுதல்கள் கதவைத் திறந்தன. இந்தியர்கள் முன் அனுமதி இல்லாமல் அளக்கலாம், வரையலாம், விற்கலாம். வெளிநாட்டு நிறுவனங்களுக்குத்தான் துல்லிய வரம்பு: கிடைமட்டத்தில் ஒரு மீட்டர், உயரத்தில் மூன்று மீட்டர். அதைவிடத் துல்லியமான தரவு வேண்டுமென்றால் இந்திய நிறுவனத்திடம் உரிமம் பெற்று, ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டுப் பெறும் இடைமுகம்) வழியாக மட்டும். தெருக்காட்சி எடுப்பதும் இந்திய நிறுவனங்களுக்கு மட்டும்தான். 2022-இல் கூகுள் ஸ்ட்ரீட் வியூ இங்கே வந்தபோது ஜெனசிஸ், டெக் மஹிந்திரா என்ற இந்திய நிறுவனங்கள் இரண்டோடும் கைகோத்து வந்ததற்குக் காரணம் இதுதான்.

தினேஷ்: அப்படியென்றால் எல்லைச் சட்டத்தையும் எடுத்துவிடலாமா?

எடுக்கச் சொல்லவில்லை. சரியான கோட்டை வரைபடச் சேவைகள் அப்படியே பயன்படுத்தும் வடிவில் அரசு தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்கிறேன். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.

அருண்: சீன வாடிக்கையாளர். ஜிபிஎஸ் புள்ளி ஆற்றுக்குள் விழுகிறது.

அங்கே பொதுவில் வரும் வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற ஆயத்தொலைவு முறையில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். வேண்டுமென்றே சில நூறு மீட்டர் நகர்த்தப்பட்டவை அவை. உங்கள் ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ்-84 என்ற உலகப் பொது முறை. சீன வரைபடச் சேவையான ஏமேப்பில் 'கன்வர்ட் ஃப்ரம்' என்ற மாற்றும் வசதி உண்டு, அதைக் கொண்டு மாற்றுங்கள். இன்னொரு சீனச் சேவையான பைடு அதன் மேலும் பிடி-09 என்று இன்னொரு நகர்த்தல் வைத்திருக்கிறது. டேட்டாபேசில் டபிள்யூஜிஎஸ்-84 மட்டும் சேமியுங்கள், காட்டும்போது மாற்றுங்கள். கலந்து சேமித்தால் பிறகு பிரித்தெடுக்கவே முடியாது.

ரேவதி: கொரியாவில் கூகுள் வழிகாட்டல் ஏன் சரியாக வருவதில்லை?

1:5,000 அளவு வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அரசு அனுமதி வேண்டும். 2016-இல் கூகுளுக்கு மறுத்துவிட்டார்கள். கொரிய நிறுவனங்களான நேவர் அல்லது ககாவோவின் ஏபிஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

செந்தில்: லீஃப்லெட்டில் காஷ்மீர் கோடு தவறாக வருகிறது, என்ன செய்வது?

ஷாலினிக்கு எழுதியதைப் படியுங்கள்.

கவிதா: டேஷ்போர்டு சார்ட்டில் உலக வரைபடம் இருக்கிறது. அதற்கும் இதே சட்டமா?

ஆமாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அந்த வரைபடங்களில் பல நேச்சுரல் எர்த் என்ற இலவச உலக வரைபடத் தரவிலிருந்து வருபவை. அதிலேயே இந்தியப் பார்வைக்குத் தனிக் கோப்பு உண்டு, அதை எடுங்கள். பிடிஎஃப் அறிக்கை, சமூக ஊடகப் பகிர்வுப் படம் இரண்டிலும் வடக்கே பாருங்கள்.

செந்தில்: படித்தேன். கூகுளிலும் அதே பிரச்சினை.

பிரபுவுக்குச் சொன்ன பதில். ரீஜன்.

ஜோசப்: ட்ரோனில் படம் எடுக்க அனுமதி?

என் துறை அல்ல. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) தளத்தில் பாருங்கள்.

இளங்கோ: டாஷ்கேமில் தெருப்படம் எடுத்து விற்கும் ஸ்டார்ட்அப் தொடங்குகிறோம். வெளிநாட்டு முதலீடு வரலாம்.

கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள். இந்தியாவில் பதிவு செய்தால் மட்டும் இந்திய நிறுவனம் ஆகிவிடாது. உடைமையும் கட்டுப்பாடும் இங்கு வசிக்கும் இந்தியர் கையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பங்கு வெளியே போனால் தெருவில் கேமரா ஓட்டும் உரிமையும் போய்விடும். முதலீட்டு ஒப்பந்தத்தை 2021 வழிகாட்டுதல் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சர்வர் இந்தியாவிலேயே இருக்கட்டும்.