ஆயாவின் பவுன் காசு மாலையை உருக்கக் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மா காலமான பிறகு அவர் போட்டிருந்த காசு மாலை எனக்கும் தம்பிக்கும் வந்திருக்கிறது. எங்கள் ஆயா (பாட்டி) காலத்தில் தேவகோட்டையில் ஆசாரியை வீட்டிலேயே உட்காரவைத்துச் செய்தது. ராணி தலையும் ராஜா தலையும் போட்ட பவுன் காசுகள் பத்து, நடுநடுவே சிவப்பும் பச்சையும் கல் பதித்த பூத் தட்டுகள், கீழே பெரிய சிவப்புக் கல் வைத்த பதக்கம். காசுகளில் 1890களில் தொடங்கி 1918 வரை வருடம் இருக்கிறது. மொத்தம் 118 கிராம். கடையில் ஒரு பூத் தட்டை உரசிப் பார்த்துவிட்டு 80 டச், அதாவது நூற்றுக்கு 80 பங்குதான் தங்கம் என்றார்கள். கல்லுக்கும் அரக்குக்கும் 18 கிராம் கழித்து, மீதி 100 கிராமை 80 டச் கணக்கில் எடுத்துக்கொண்டு புது நகை தருகிறார்களாம். கல்லுக்கு மதிப்பே இல்லை என்கிறார்கள். மகன் கல்லூரிக் கட்டணத்துக்கு எனக்கு உடனடியாக 3 லட்சம் வேண்டும். ஆசிரியர் வேலை, மாதம் 20,000 மிச்சம் பிடிக்க முடியும். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, ஞாபகத்துக்கு 2 காசு போதும் என்கிறான். மாற்றிவிடலாமா, விற்றுவிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டும் வேண்டாம். முக்கியமாக, அந்தக் கடையின் கணக்குக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்கள் உரசிப் பார்த்தது பூத் தட்டை. அதில் வந்த 80 டச்சைக் காசுகளுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அங்கேதான் உங்கள் பணம் போகிறது.

பவுன் காசு, அதாவது பிரிட்டிஷ் சாவரின், எல்லாம் ஒரே அளவில் அச்சடித்தது. ஒன்று 7.98 கிராம், 22 காரட், அதாவது 91.6 டச். லண்டனில் அடித்தாலும் ஆஸ்திரேலியாவில் அடித்தாலும் இதேதான். ஆசாரி கையால் செய்த தட்டும் வளையமும் அப்படியில்லை. பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடமெல்லாம் மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், குறையும். ஆக, உங்கள் மாலையில் இரண்டு வகைத் தங்கம் இருக்கிறது.

கணக்கு எளிதாக இருக்க, 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் சொன்னபடி 100 கிராம் 80 டச் என்றால், 22 காரட்டாக மாற்றும்போது சுமார் 87.3 கிராம், 8.73 லட்சம் ரூபாய். பிரித்துப் பார்த்தால் 10 காசு 79.9 கிராம், அது முழுசாக 22 காரட். மீதி 20.1 கிராம்தான் 80 டச், அது 17.6 கிராமுக்குச் சமம். மொத்தம் 97.5 கிராம், 9.75 லட்சம். உரசின இடம் மாறியதற்கே ஒரு லட்சம் வித்தியாசம்! அதற்கு மேல் புது நகைக்குச் சேதாரம், செய்கூலி, 3 சதவீதம் ஜிஎஸ்டி. 12 சதவீதச் சேதாரம் என்றே வைத்தாலும், 9 லட்சத்துக்கு நகை எடுக்க இன்னும் 1.38 லட்சம் கரையும்.

இதெல்லாம் காசுகள் அசல் என்றால்தான். பவுன் காசில் போலிகள் உண்டு. ராணி தலை போட்டு உள்ளூரிலேயே அச்சடித்த காசுகளும் மாலைகளில் கலந்திருக்கும். குறுக்களவு 22 மில்லிமீட்டர், விளிம்பைச் சுற்றி சீரான வரிவரியான வெட்டு, இந்த இரண்டையும் நீங்களே பார்க்கலாம். அப்புறம் ஹால்மார்க் மையம் ஒன்றுக்குப் போய், காசைத் தனியாகவும் தட்டைத் தனியாகவும் சோதித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டு நகையையும் சிறிய கட்டணத்தில் சோதித்துத் தருவார்கள்.

ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்காருங்கள். குதிரை மேல் வீரன் இருக்கும் பக்கத்தில், குதிரைக்குக் கீழே, வருடத்துக்கு மேலே ஒரு தரைக்கோடு தெரியும். அதில் பொடி எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எஸ் என்றால் சிட்னி, எம் என்றால் மெல்போர்ன், பி என்றால் பெர்த். எழுத்தே இல்லையென்றால் லண்டன். உங்கள் 1918 காசில் ஐ என்ற எழுத்து இருந்தால் அது பம்பாயில் அடித்தது. பவுன் காசு அந்தக் காலத்தில் அங்கே அந்த ஒரு வருடம்தான் அச்சானது, சுமார் 13 லட்சம் காசு. 1917 லண்டன் காசு அபூர்வம், அதனாலேயே அதில் போலியும் அதிகம்.

ஆனால் சேகரிப்பாளர் விலையைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். காசின் தலையில் வளையம் பற்றவைத்திருந்தால் அந்த மதிப்பு பெரும்பாலும் போய்விட்டது. வளையத்தை அரத்தால் ராவி எடுத்தாலும் தழும்பு நிற்கும், எடையும் குறையும். பற்றவைக்காமல், சுற்றிலும் பட்டை மடித்துக் காசை உள்ளே உட்காரவைத்திருந்தால் நிலைமை வேறு. ஒவ்வொரு காசாகத் திருப்பிப் பாருங்கள். மெருகு போடவும் கொடுக்காதீர்கள்.

கல்லுக்கு வருவோம். பொடிக் கெம்புகளையும் பச்சைகளையும் விற்றால் ஒன்றும் கிடைக்காது, கடைக்காரர் சொன்னது அந்த அளவில் சரி. பதக்கத்தின் நடுக்கல் கதை வேறு. உங்கள் தேவகோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் இருந்தது, மோகோக் சுரங்கத்து மாணிக்கம் வந்து சேர நல்ல வாய்ப்பு உண்டு. அதே சமயம், உலையில் உருக்கிச் செய்யும் செயற்கை மாணிக்கத்தின் செய்முறையை வெர்னுய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902-இல் வெளியிட்டார். அதற்குப் பிறகு அது மலிவாகவே கிடைத்தது. ‘தாத்தா ரங்கூனில் வாங்கியது’ என்று வீட்டில் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. செயற்கைக் கல்லுக்குள் வளைந்த கோடுகளும் குமிழிகளும் தெரியும். ரத்தினக் கல் ஆய்வகத்தில் அந்த ஒரு கல்லையாவது காட்டுங்கள். நிறம் கூட்டுவதற்காகச் சூடுபடுத்தாத பர்மா மாணிக்கம், ஒரு காரட் எடைக்கு மேல், நிறமும் நன்றாக இருந்தால், கல் தங்கத்தையே விஞ்சிவிடும். எந்தக் கடையில் எப்போது கொடுத்தாலும், எடையில் கழித்த கல்லைக் கழற்றி உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். எடையையும் கழித்துக்கொண்டு கல்லையும் அவர்களே வைத்துக்கொள்வதை நம் ஆட்கள் கேட்பதே இல்லை, இது எனக்கு ஆறாத வருத்தம்.

சரி, 3 லட்சத்துக்கு என்ன செய்வது? வங்கியில் அடகு வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2025 விதிப்படி, 2.5 லட்சத்துக்கு மேல் 5 லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 80 சதவீதம் வரை தரலாம். மதிப்பிடும்போது கல்லைச் சேர்க்க மாட்டார்கள், தங்கம் மட்டும்தான். உங்கள் மாலைக்கு 3 லட்சம் தாராளமாகக் கிடைக்கும். 10 சதவீத வட்டியில், மாதம் 20,000 கட்டினால் 16, 17 மாதத்தில் தீரும். வட்டி சுமார் 22,000 ரூபாய். வட்டிக்குப் பயந்து விற்பவர்கள் வரியைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த வரி இதுதான். அம்மாவிடமிருந்து வந்த நகை என்பதால் அவர் வைத்திருந்த காலமும் சேரும், நீண்டகால மூலதன ஆதாயம், 12.5 சதவீதம். 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாகக் காட்டலாம். அப்போது 10 கிராம் நாலாயிரத்துச் சொச்சம்தான், ஆகவே விற்ற தொகையில் பெரும்பகுதி லாபமாகவே நிற்கும். 9.75 லட்சத்துக்கு விற்றால் 1.2 லட்சம் போல வரி. பழையதைக் கொடுத்துப் புதிது வாங்குவதும் வரிச் சட்டத்தில் கைமாற்றம்தான். ரொக்கம் வாங்கவில்லையே என்று வரி விட்டுவிடாது.

அடகு வைக்கும்வரை காசுகளைக் கழற்ற வேண்டாம். மாலையாக இருந்தால் அது நகை, 1 கிலோ வரை அடகுக்கு எடுக்கலாம். தனிக் காசு என்றால் 50 கிராம்தான் உச்சவரம்பு, அதிலும் பழைய காசுக்கு வங்கிகள் தயங்கும். வைக்கும்போது காசு எண்ணிக்கை, நடுக்கல், மொத்த எடை, நிகர எடை எல்லாம் ரசீதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். தம்பியிடம், 2 காசு போக மீதி அக்காவுக்கு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கூடப்பிறந்தவர் கொடுப்பதற்கு உங்களுக்கு வரி இல்லை.

தம்பியின் 2 காசு பற்றி ஒரு எச்சரிக்கை. 100 வருடம் தாண்டிய காசு, 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. உங்கள் 10 காசுமே அந்த வயதைத் தாண்டிவிட்டன. பாசத்தில் பெட்டியில் போட்டு எடுத்துப்போய் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கடன் தீர்ந்து மாலையை மீட்டதும் அவர் பங்கை இங்கேயே லாக்கரில் வையுங்கள். கையோடு கொண்டுபோக ஏதாவது வேண்டும் என்றால், அதே எடையில் புதுக் காசு இரண்டு வாங்கிக் கொடுங்கள்.